காதல் நகைச்சுவைப் படத்தை இரண்டாம் முறை பார்ப்பது எப்படி? இனம், வர்க்கம், பண்பாடு: ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேக்கக் குடும்பம் ஒன்றுக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவன் இறைச்சி சாப்பிடமாட்டான் என்று தெரிந்ததும் வீடே வாயடைத்துப் போகிறது. ஒரு கணம்தான். பரவாயில்லை, ஆட்டுக்கறி சமைத்துவிடுகிறேன் என்று பெண்ணின் அத்தை தேற்றுகிறாள். 2002இல் வந்த ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ படத்தின் இந்தக் காட்சிக்குப் பார்த்த போதெல்லாம் சிரித்திருக்கிறேன். சைவம் என்று சொன்ன பிறகும் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளச் சொல்லும் உறவினர் நமக்கும் புதியவர் அல்லர்.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. படத்தின் சிரிப்பெல்லாம் பெண்வீட்டாரின் பக்கமிருந்தே எழுகிறது. மாப்பிள்ளையின் பெற்றோர் வெள்ளை அமெரிக்கர்கள். உப்பில்லாத கஞ்சியைப் போல ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பண்பாடு இருக்கிறவர் வேடிக்கைக்குரியவர், அது கண்ணுக்குத் தெரியாதவர் இயல்பானவர் என்கிறதா படம்? இல்லை, அந்தக் கஞ்சிக்குத்தான் உப்பு தேவைப்படுகிறது என்கிறதா? இரண்டுக்கும் படத்தில் ஆதாரம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே இருந்தால் இரண்டும் கண்ணில் படாது.

அந்த இரண்டாம் பார்வைக்கானது இந்த வழிகாட்டி. திரைப்படக் கோட்பாடு எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப்புத்தகமும் ரிமோட்டில் படத்தை நிறுத்தும் பொத்தானும் போதும். பல படங்களை இப்படிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த சாவி ஒன்றே ஒன்று. காதல் நகைச்சுவை எதுவானாலும் முடிவில் யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். அவர் யார், எதை விட்டார், பதிலுக்கு என்ன பெற்றார் என்று கணக்கெடுத்துவிட்டால், இனத்தையும் வர்க்கத்தையும் பற்றி அந்தப் படம் உண்மையில் என்ன நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். வசனங்கள் வேறு எதையாவது சொல்லிக்கொண்டிருக்கலாம்.

தொடங்கும் முன்: இந்த வகைப் படம் ஏன்?

காதலர்களைப் பிரித்துவைக்க ஒரு தடை வேண்டும். இல்லாவிட்டால் இருபதாவது நிமிடத்தில் படம் முடிந்துவிடும். பழைய ஹாலிவுட்டில் தடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு தடையை மட்டும் திரையில் காட்டவே கூடாது என்று விதி இருந்தது. 1934 முதல் கண்டிப்போடு நடைமுறைக்கு வந்த ‘ஹேஸ் விதிகள்’ என்னும் தணிக்கை ஏற்பாடு, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான காதலுறவைத் தடைசெய்தது. 1950களின் நடுப்பகுதியில்தான் அந்த விதி கைவிடப்பட்டது. திரைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் லவிங் என்ற தம்பதியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 ஜூன் 12 அன்று தீர்ப்பளிக்கும் வரை, 16 மாநிலங்களில் இனக் கலப்புத் திருமணம் சட்டப்படி குற்றம்.

அதே ஆண்டு டிசம்பரில் வெளியானது ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’. வெள்ளைப் பெண் ஒருத்தி, தான் மணக்க விரும்பும் கறுப்பின மருத்துவரைப் பெற்றோரிடம் அழைத்து வருகிறாள். படப்பிடிப்பு நடந்தபோது நாட்டின் ஒரு பகுதியில் குற்றமாக இருந்த அந்தத் திருமணம், படம் கொட்டகைக்கு வந்தபோது நாடெங்கும் செல்லுபடியாகியிருந்தது. சிட்னி பாய்ட்டியே நடித்த அந்த மருத்துவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் அவரிடம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

முதல் படி: படத்தைத் தேர்ந்தெடுங்கள், முதல் தடவை சும்மா பாருங்கள்

தொடக்கத்துக்கு இந்த ஐந்தில் ஒன்று நல்லது: மேலே சொன்ன கிரேக்கத் திருமணம், ‘த பிக் சிக்’ (2017), ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ (2018), ‘ஆல்வேஸ் பி மை மேபி’ (2019), ‘ரை லேன்’ (2023). தொடர் பார்க்கும் பொறுமை இருந்தால் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ (2020–2023).

முதல் தடவை எதையும் குறிக்காதீர்கள். எந்த இடத்தில் சிரித்தீர்கள், எந்த இடத்தில் தொண்டை அடைத்தது என்பது மட்டும் மனத்தில் நின்றால் போதும். ஆராய்ச்சிக் கண்ணோடு முதல் காட்சியிலிருந்தே உட்காருகிறவர்களுக்குப் படம் பிடிபடுவதில்லை. நகைச்சுவை நம் காவலைத் தளர்த்தித்தான் தன் வேலையைச் செய்கிறது. காவலைத் தளர்த்தாதவர் அந்த வேலையைப் பார்க்கவே முடியாது.

இரண்டாம் படி: தடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

இந்த இருவரும் சேராமல் தடுப்பது எது? ஒரே வாக்கியம். எளிதாகத் தோன்றும், எழுதிப் பாருங்கள்.

‘த பிக் சிக்’ படத்துக்குப் பெரும்பாலானவர்கள் எழுதுவது, அவன் பாகிஸ்தானியன், அவள் வெள்ளை அமெரிக்கப் பெண் என்பதை. பாதிதான் சரி. எமிலிக்கு அவன் பாகிஸ்தானியன் என்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. குமைல் தன் வீட்டில் அவளைப் பற்றி வாயே திறப்பதில்லை, அவளிடமும் வீட்டைப் பற்றி மறைக்கிறான். அம்மா ஒவ்வொரு வார விருந்துக்கும், ஏதோ வழியில் போனவள் வந்ததைப் போல, ஒரு பாகிஸ்தானியப் பெண்ணை வரவழைக்கிறாள். அந்தப் பெண்களின் புகைப்படங்களை அவன் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான். எமிலி அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிற காட்சிதான் பிரிவு. ஆகவே தடை இனம் அன்று, அதைப் பற்றிய மௌனம். வாக்கியத்தை இப்படித் திருத்தி எழுதிய பிறகு படம் வேறாகத் தெரியும். தொழுகை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தொழாமல் கைப்பேசியில் நேரம் கடத்துகிற குமைலின் காட்சி வெறும் வேடிக்கையாக இராது. அவன் இரண்டு வீடுகளிலும் நடித்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு சோதனை: பாத்திரங்களின் இனத்தை மாற்றினால் கதை நிற்குமா? ‘ரை லேன்’ நிற்கும். காதலில் அடிபட்ட இரண்டு இளைஞர்கள் தெற்கு லண்டனில் பெக்கம், பிரிக்ஸ்டன் வீதிகளில் ஒரு நாள் முழுவதும் சுற்றுகிறார்கள். இருவரும் கறுப்பினத்தவர்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘த பிக் சிக்’ இந்தச் சோதனையில் உடைந்துவிடும். நிற்கிற படம் உயர்ந்தது, உடைகிற படம் தாழ்ந்தது என்று பொருளில்லை. இரண்டும் வெவ்வேறு வேலையைச் செய்கின்றன.

மூன்றாம் படி: பணத்தை எண்ணுங்கள்

வீடு யாருடையது, பில்லை யார் கட்டுகிறார், வேலைக்குப் போகிற காட்சி யாருக்கு இருக்கிறது என்று தனி நிரலில் குறியுங்கள். வர்க்கத்தைப் பற்றி இந்தப் படங்கள் வாயால் பேசுவது குறைவு. மேசையும் கதவும் காரும்தான் பேசும்.

‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ இதற்கு நல்ல பயிற்சி. காதலர்களான ரேச்சல், நிக் இருவரும் சீன வம்சாவளியினர். நிக் சிங்கப்பூரின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ரேச்சல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பிக்கும் பேராசிரியை. வேறு எந்தக் கதையிலும் மருமகளாகக் கிடைக்கத் தவம் கிடக்கலாம். நிக்கின் அம்மா எலனோர் அவளை ஏற்க மறுக்கிறாள். காரணமாக அவள் சொல்வது பண்பாடு: அமெரிக்காவில் வளர்ந்தவள், தன் விருப்பத்தைத்தான் முதலில் பார்ப்பாள், குடும்பத்தைக் கட்டிக்காக்கத் தெரியாது. ரேச்சலின் தோழியோ இன்னும் பச்சையாக, அவர்களுக்கு நீ ஒரு வாழைப்பழம், வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை என்கிறாள்.

இங்கே நிறுத்திக் கேளுங்கள். ரேச்சல் சிங்கப்பூரின் இன்னொரு பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் படித்தவளாக இருந்தால் எலனோர் இதையே சொல்லியிருப்பாளா? தனியாளாய் நின்று பிழைத்த ஒரு குடியேறித் தாயின் மகள் என்பதுதான் உறுத்தல் என்று நான் நினைக்கிறேன். பணம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை, பண்பாட்டின் சேலையைக் கட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் படம் எலனோரை வில்லியாக்கிவிட்டு நகர்ந்துவிடவில்லை. அவளும் தன் மாமியாருக்குப் பிடித்த மருமகள் அல்லள். குடும்ப மோதிரத்தை மாமியார் அவளுக்குக் கொடுக்கவே இல்லை. அடிபட்டவள் அதே கோலை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

படத்தின் முதல் காட்சியை இதோடு சேர்த்துப் பாருங்கள். 1995, லண்டன். மழையில் நனைந்து வரும் எலனோருக்கும் பிள்ளைகளுக்கும் சொகுசு ஹோட்டல் ஒன்றில் அறை மறுக்கப்படுகிறது. வேண்டுமானால் சைனா டவுனுக்குப் போய்ப் பாருங்கள் என்பது பதில். சில நிமிடங்களில் அந்த ஹோட்டலையே அவள் குடும்பம் வாங்கிவிட்டது தெரிகிறது. கொட்டகையில் கைதட்டல் எழும் இடம் இது. நிறவெறிக்கு மருந்து பணம் என்கிறது காட்சி. பணம் இல்லாதவர் மழையிலேயே நிற்க வேண்டியதுதான். நானும் கைதட்டியவன்தான், பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

வர்க்கத் தடையை நேராகப் பேசியது நம் பழைய அகப்பாட்டு. நற்றிணையின் 45ஆம் பாடலில், தேரேறி வந்து நிற்கும் செல்வர் வீட்டு மகனிடம் தோழி சொல்கிறாள்: இவள் மீன்பிடிக்கும் பரதவர் மகள், நீ கொடியசையும் கடைத்தெருக்கள் கொண்ட மூதூர்ச் செல்வன் மகன், எங்கள் மேல் மீன் நாற்றம் அடிக்கும், தள்ளி நில். ஹாலிவுட் இவ்வளவு வெளிப்படையாக நாற்றத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2002இன் ‘மெய்ட் இன் மேன்ஹாட்டன்’ படத்தில் ஹோட்டல் பணிப்பெண் மரிசா, விருந்தாளி ஒருத்தியின் விலையுயர்ந்த உடையைப் போட்டுப் பார்க்கும் நேரத்தில்தான் அரசியல்வாதி அவளைக் கண்டு மயங்குகிறான். சீருடையில் அவள் அவன் கண்ணில் பட்டும் படாதவள். உடை மாறியதும் கண் திறக்கிறது. படம் இதை அறிந்தே காட்டுகிறது, ஆனால் முடிவில் அவளையும் நிர்வாகப் பக்கம் ஏற்றிவிட்டுத்தான் ஓய்கிறது. பணிப்பெண் பணிப்பெண்ணாகவே இருந்து காதலிக்கப்படும் முடிவுக்கு அதற்குத் துணிவில்லை.

நான்காம் படி: சாப்பாட்டு மேசைக்குப் போங்கள்

இந்தப் படங்களில் உணவுக் காட்சி இல்லாதது அரிது. பண்பாட்டைப் படம்பிடிக்கச் செலவு குறைந்த வழி அதுதான். அதனாலேயே சோம்பல் மிகுந்த இயக்குநர்களும் அங்கே ஓடுகிறார்கள். நல்ல உணவுக் காட்சியையும் அலங்கார உணவுக் காட்சியையும் பிரிக்க ஒரு கேள்வி: சாப்பிட்டு முடித்தபின் இரண்டு பேருக்கு இடையே ஏதாவது மாறியிருக்கிறதா?

கிரேக்கத் திருமணத்தில் மாப்பிள்ளையின் அம்மா நடுவில் ஓட்டை வைத்த கேக் ஒன்றைக் கொண்டுவருகிறாள். பெண்ணின் அம்மாவுக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. கேக்கில் ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து, ஒரு பூந்தொட்டியை அதில் சொருகிவைத்துப் பரிமாறுகிறாள். நல்லெண்ணம் இரண்டு பக்கமும் வழிகிறது, புரிதல் மட்டும் இல்லை. சிரிப்புக்குள் இவ்வளவு விஷயம் வைப்பது எளிதன்று.

‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தில் குடும்பம் கூடி உட்கார்ந்து கொழுக்கட்டை போன்ற பலகாரம் பிடிக்கும் காட்சி வருகிறது. மாவை மடிக்கும் விரல்களில் தலைமுறைகள் தெரிகின்றன, யார் உள்ளே, யார் வெளியே என்பதும் தெரிகிறது. ரேச்சலுக்கு அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள், சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆனால் உணவை வைத்து வர்க்கத்தையும் பண்பாட்டையும் ஒரே பிடியில் பிடித்தது ‘ஆல்வேஸ் பி மை மேபி’ என்பேன். சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்த சாஷாவின் பெற்றோர் எந்நேரமும் கடையில். சிறுமி தகர டப்பா இறைச்சியையும் சோற்றையும் தானே சூடாக்கிச் சாப்பிடுவாள். பக்கத்து வீட்டு மார்கஸின் அம்மா ஜூடிதான் அவளுக்குக் கொரியச் சமையல் கற்றுக்கொடுக்கிறாள். பல ஆண்டுகள் கழித்து சாஷா புகழ்பெற்ற சமையல் கலைஞர். மார்கஸ் அப்பாவோடு சேர்ந்து வீடுகளுக்குக் குளிர்சாதனம் பொருத்தும் வேலையில் இருக்கிறான். நம் ஊர்ச் சாப்பாட்டைச் சின்னக் குவளையில் வைத்துப் பணக்கார வெள்ளையருக்குப் படைக்கிறாய் என்று அவளைக் குத்துகிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தான் பிறந்த வீட்டைவிட்டே கிளம்பாதவனின் பொறாமையும் அதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாயில் வைத்ததுதான் படத்தின் சாமர்த்தியம்.

ஐந்தாம் படி: பெயரையும் உச்சரிப்பையும் காது கொடுத்துக் கேளுங்கள்

யாருடைய பெயரை யார் தவறாகச் சொல்கிறார், யாருடைய ஆங்கில உச்சரிப்பு சிரிப்புக்குப் பயன்படுகிறது, தாய்மொழி வசனத்துக்கு வசனவரி போடுகிறார்களா இல்லையா என்று குறியுங்கள்.

‘த ஹாஃப் ஆஃப் இட்’ (2020) படத்தில் எல்லியின் அப்பா சீனாவில் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆங்கிலம் சரளமாக வராததால் ஒரு சிற்றூர் ரயில் நிலையத்தில் முடங்கிக் கிடக்கிறார். மகள் வகுப்புத் தோழர்களுக்குக் கட்டுரை எழுதிக்கொடுத்துக் காசு சேர்க்கிறாள். அப்பாவின் நாக்கில் இல்லாத மொழியை மகள் விற்றுப் பிழைக்கிறாள் என்பதைப் படம் ஓரிடத்திலும் விளக்கிச் சொல்வதில்லை.

‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. கலிஃபோர்னியாவில் வளரும் தேவி விஸ்வகுமார் என்ற தமிழ்ப் பெண் அதன் நாயகி. அந்தப் பாத்திரத்துக்குச் சுமார் 15,000 பேர் விண்ணப்பித்ததில் தேர்வானவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன். கனடாவின் மிசிசாகாவைச் சேர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண். விஸ்வகுமார் என்ற பெயர் அமெரிக்கத் தொடரொன்றில் சுருக்கப்படாமல் ஒலிப்பதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. முதல் பருவத்தில் பிள்ளையார் பூசை ஒன்று வருகிறது. வேற்று மதத்தவரை மணந்து பிறகு பிரிந்த ஒரு பெண்ணை மாமிகள் ஒதுக்குவதைத் தேவியின் உறவுப் பெண் கமலா பார்க்கிறாள். நகைச்சுவைத் தொடரில் நம் சமூகத்தின் கடுமுகத்தை இவ்வளவு அருகில் பார்ப்பது அபூர்வம். ஆனால் பேச்சொலி? தேவியின் அம்மாவின் ஆங்கிலத்தில் கேட்பது சென்னையும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. பொதுவான ‘இந்திய உச்சரிப்பு’ என்று ஹாலிவுட் தனக்குத்தானே செய்துகொண்ட ஒன்றுக்கு அது நெருக்கமாக இருக்கிறது. இந்தக் குறையை ஓர் அமெரிக்கப் பார்வையாளரால் கேட்கவே முடியாது. உங்களால் முடியும். அப்படிக் கேட்கும் காதைப் பிற படங்களுக்கும் கொண்டுபோங்கள். கிரேக்கரும் கொரியரும் தத்தம் படங்களைப் பார்க்கையில் இதேபோல் முகம் சுளித்திருப்பார்கள்.

கிரேக்கத் திருமணத்தின் அப்பா, உலகத்துச் சொற்கள் யாவும் கிரேக்கத்திலிருந்து வந்தவை என்று நிறுவிக்கொண்டே இருப்பார். ஜப்பானியரின் கிமோனோவைக்கூட விட்டுவைப்பதில்லை. அந்தப் பெரியவர் தமிழராகப் பிறந்திருந்தால் அவருக்கு வீட்டுக்கு வீடு நண்பர்கள் கிடைத்திருப்பார்கள்.

ஆறாம் படி: சட்டகத்தின் ஓரத்தைப் பாருங்கள்

இந்தப் படிதான் கடினம். படம் நம்மைப் பார்க்கச் சொல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும். கதவு திறப்பவர், தட்டு ஏந்துபவர், பின்னணியில் நிற்பவர், பெயர் மட்டும் வந்து ஆள் வராதவர்.

சிங்கப்பூரில் சீனர்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. மலாய்க்காரரும் இந்தியரும் மீதமுள்ளவர்களில் பெரும்பான்மை. தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ பெரும்பாலும் சிங்கப்பூரைச் சுற்றி வருகிறது. ஆனால் தெற்காசியர் முகம் அழுத்தமாகத் தெரியும் இடம், நிக்கின் யங் குடும்பத்து மாளிகையின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர்கள். கார் கண்ணாடிக்கு வெளியே தோன்றி ரேச்சலின் தோழியைப் பயமுறுத்துவது அவர்கள் வேலை. 1993இன் ‘த ஜாய் லக் கிளப்’ படத்துக்குப் பின் 25 ஆண்டுகள் கழித்துப் பெரும்பாலும் ஆசிய நடிகர்களை வைத்து ஹாலிவுட் நிறுவனம் ஒன்று எடுத்த சமகாலக் கதை என்று கொண்டாடப்பட்ட படம் அது. யாருக்கான கொண்டாட்டம் என்று சிங்கப்பூரிலேயே கேட்டவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் சிறுபான்மையாக இருக்கிறவர் சிங்கப்பூரில் இறங்கியதும் பெரும்பான்மை ஆகிவிடுகிறார். படத்துக்கு அந்த விமானப் பயணத்தில் எது இடம் மாறியது என்று தெரியவில்லை.

‘த பிக் சிக்’ படத்தின் ஓரத்தில் இருப்பவர்கள் அந்தச் சுருட்டுப் பெட்டிப் பெண்கள். ஒருத்தியாக வந்து, உட்கார்ந்து, அசடு வழியப் பேசி, சிரிப்புக்கு உதவிவிட்டுப் போகிறார்கள். ஒருத்திக்கு மட்டும் கொஞ்சம் பேச வாய்ப்புக் கிடைக்கிறது, அவள் குமைலைக் குறை சொல்லும் அந்தக் காட்சிதான் இந்த விஷயத்தில் படத்தின் மனச்சாட்சி. பழுப்பு நிற ஆணுக்கும் வெள்ளைப் பெண்ணுக்கும் காதல் மலர, பழுப்பு நிறப் பெண் ஏன் வேடிக்கைப் பொருளாக வேண்டும் என்று தெற்காசியப் பெண்கள் பலர் அப்போதே கேட்டார்கள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. படத்தை நான் விரும்புகிறேன் என்பது பதிலாகாது.

‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரின் ஓரத்தில் இல்லாதது சாதி. நான்கு பருவங்களில் பாட்டியும் பூசையும் பெண் பார்ப்பதும் வருகின்றன, சாதி என்ற சொல் கதையின் மையத்துக்கு வருவதே இல்லை. தமிழ்க் குடும்பத்தின் திருமணப் பேச்சில் சாதி வராமல் இருக்க வேண்டுமானால், அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: எடுத்தவர்களைப் பற்றி ஒரு பத்து நிமிடம் தேடுங்கள்

பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், படத்தை விட்டுவிட்டு பேட்டிகளில் மூழ்கிவிடுவீர்கள். ஆனால் சில செய்திகள் கண்ணைத் திறக்கும். ‘டு ஆல் த பாய்ஸ் ஐ ஹேவ் லவ்டு பிஃபோர்’ (2018) படத்தின் மூல நாவலை எழுதிய ஜென்னி ஹான், நாயகியை ஆசியப் பெண்ணாகவே வைக்க ஒரே ஒரு தயாரிப்பு நிறுவனம்தான் ஒப்புக்கொண்டது என்று எழுதியிருக்கிறார். ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ குழு, நெட்ஃபிளிக்ஸ் தர முன்வந்த பெரிய தொகையை விட்டுவிட்டுக் கொட்டகை வெளியீட்டைத் தேர்ந்தது. சுமார் 3 கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 23 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பிறகு அடுத்த பாகத்துக்கான பேச்சில், மலேசியாவில் பிறந்த எழுத்தாளர் அடெல் லிம், உடன் எழுதிய வெள்ளை ஆணுக்குத் தன்னைவிடப் பல மடங்கு ஊதியம் பேசப்பட்டதால் விலகினார். திரையில் பேசிய சமத்துவம் சம்பளப் பட்டியல்வரை போகவில்லை.

எட்டாம் படி: முடிவில் யார் நகர்ந்தார்?

கடைசிப் பதினைந்து நிமிடங்களைத் தனியாக, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நோட்டுப்புத்தகத்தில் இரண்டு நிரல்கள் போடுங்கள். ஒன்று காதலன், ஒன்று காதலி. யார் ஊர் மாறினார், மதம் மாறினார், வேலையை விட்டார், பெற்றோரை விட்டார், மன்னிப்புக் கேட்டார்? ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

கிரேக்கத் திருமணத்தில் நகர்வது வெள்ளை மாப்பிள்ளை. கிரேக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறுகிறான். திருமணத்துக்குப் பிறகு மாமனார் பரிசாகத் தரும் வீடு மாமனார் வீட்டுக்குப் பக்கத்து வீடு. சிறுபான்மைப் பண்பாடு பெரும்பான்மையை இழுத்துக்கொள்ளும் முடிவு அமெரிக்கத் திரையில் அதிகம் கிடையாது. 50 லட்சம் டாலரில் எடுத்த இந்தச் சிறிய படம் 36 கோடி டாலருக்கு மேல் ஈட்டியதற்கு இந்தத் தலைகீழ் இன்பமும் ஒரு காரணம் என்பது என் ஊகம். ஆனால் கவனியுங்கள், மணமகன் இழந்தது என்ன? ஒன்றுமில்லை. அவனுடைய பக்கம் காலியாக இருந்ததாகத்தான் படம் காட்டியது. காலிப் பாத்திரத்திலிருந்து விட்டுக்கொடுப்பது சுலபம்.

‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ முடிவு இதைவிடக் கூர்மையானது. நிக் குடும்பத்தையும் சொத்தையும் விட்டுவிட்டு வரத் தயார் என்று ரேச்சலிடம் சொல்கிறான். பழைய காதல் கதையில் அங்கே படம் முடிந்திருக்கும். ரேச்சல் மறுத்துவிடுகிறாள். பிறகு எலனோரை மஹ்ஜோங் என்னும் சீன வில்லை ஆட்டம் ஆட அழைக்கிறாள். ஆட்டத்தின் நடுவே, தான் வெல்வதற்குத் தேவையான வில்லையை எடுத்துவிட்டு, வேண்டுமென்றே எலனோருக்குப் போகும்படி கீழே போடுகிறாள். எலனோர் வெல்கிறாள். அதற்குப் பிறகு ரேச்சல் தன் வில்லைகளைத் திருப்பிக் காட்டுகிறாள்: நான் வென்றிருக்க முடியும்.

ஆட்ட விதி தெரியாதவர்களுக்கும் அந்தக் காட்சி புரியும், தெரிந்தவர்களுக்கு இன்னும் ஆழமாகப் புரியும் என்கிறார்கள். விட்டுக்கொடுத்தவள் ரேச்சல். ஆனால் யாருக்கு யார் கடன்பட்டார் என்பது அந்த மேசையிலேயே மாறிவிட்டது. குடும்பத்தைவிடத் தன்னைப் பெரிதாக நினைப்பவள் என்ற குற்றச்சாட்டுக்கு, தன்னை விட்டுக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியே அவள் பதில் சொல்கிறாள். எலனோரின் விதியில் ஆடி எலனோரை வீழ்த்துகிறாள். பிறகு விமானத்தில் நிக் நீட்டும் மோதிரம் எலனோருடையது. எனக்கு இதில் ஒரு நெருடலும் உண்டு. தியாகம் செய்யத் தெரிந்தவள் என்று நிரூபித்த பிறகுதான் பெண் உள்ளே அனுமதிக்கப்படுகிறாள் என்றால், சுவர் இடியவில்லை, கதவு ஒருமுறை திறந்திருக்கிறது.

‘ஆல்வேஸ் பி மை மேபி’ படத்தில் நகர்வது ஆண். வீட்டைவிட்டுக் கிளம்பாத மார்கஸ் நியூயார்க்குக்கு வருகிறான். புகழ்பெற்ற பெண்ணின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன் என்கிறான். அவள் பங்குக்கு அவள் திறக்கும் புதிய உணவகத்துக்கு அவனுடைய அம்மாவின் பெயர். ஜூடி சமைத்ததெல்லாம் அங்கே பரிமாறப்படும். இரு நிரலிலும் பதிவு விழுகிற அபூர்வமான முடிவு.

‘த பிக் சிக்’ கணக்கைத் தீர்க்காமலே விடுகிறது. குமைல் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அப்பா வழியனுப்ப வருகிறார். அம்மா காரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், இறங்கவில்லை, முகம் கொடுக்கவில்லை. ஆனால் அவள் கட்டிக்கொடுத்த பிரியாணிப் பாத்திரம் அவன் கைக்கு வருகிறது. பேசமாட்டேன், பட்டினி போடமாட்டேன். இந்த மொழியைப் புரிந்துகொள்ள வசனவரி தேவைப்படாதவர்கள் பாகிஸ்தானியர் மட்டுமல்லர்.

ஒன்பதாம் படி: இரண்டு படங்களை அடுத்தடுத்து வையுங்கள்

தனியாகப் பார்க்கும்போது தெரியாதது ஜோடியாக வைத்தால் தெரியும். என் சிபாரிசு, 1967இன் ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ படத்தையும் 2017இன் ‘த பிக் சிக்’ படத்தையும் ஒரே வாரத்தில் பார்ப்பது. இடைவெளி சரியாக ஐம்பது ஆண்டுகள். நாயகர்கள் இருவரின் தகுதிகளையும் எழுதிப் பாருங்கள்.

சிட்னி பாய்ட்டியேவின் பாத்திரம் உலகப் புகழ்பெற்ற மருத்துவர், மனைவியை இழந்தவர், நடத்தையில் குற்றமற்றவர், பெண்ணின் பெற்றோர் சம்மதிக்காவிட்டால் மணக்கமாட்டேன் என்று தானாகவே சொல்லிவிடுகிறவர். குறை சொல்ல இடமில்லாதவாறு செதுக்கியிருக்கிறார்கள். வெள்ளைப் பார்வையாளர் மறுப்பதற்கு நிறத்தைத் தவிர வேறு காரணம் கிடைக்கக் கூடாது என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஒரு கறுப்பினத்தவர் மருமகனாக வேண்டுமானால் கிட்டத்தட்ட மகானாக இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

குமைல் பொய் சொல்கிறான். மேடை நகைச்சுவையில் அரைகுறை வெற்றி. ஊபர் ஓட்டிப் பிழைக்கிறான். காதலியின் அப்பா 9/11 தாக்குதலைப் பற்றி அவனிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும்போது, எமிலி சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே விபரீதமான ஒரு நகைச்சுவையை எடுத்துவிடுகிறான். அவனை நாம் மன்னிக்கிறோம்.

இன்னும் ஆறு ஆண்டுகள் தள்ளி ‘ரை லேன்’ படத்தை மூன்றாவதாக வையுங்கள். அதன் நாயகன் டோம் ஒரு கணக்காளர். காதலி கைவிட்டதை நினைத்து, ஓவியக்கூடமொன்றின் கழிவறையில் உட்கார்ந்து குரலெழ அழுதுகொண்டிருக்கும்போதுதான் படம் தொடங்குகிறது. பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு பெண் நலமா என்று கேட்கிறாள். பின்னர் இருவரும் பிரிக்ஸ்டன் சந்தையில் பசியாறப் போகிறார்கள். அங்கே ஓர் உணவுக் கடையில் அவர்களுக்கு உணவு மடித்துக் கொடுக்கிறவர் காலின் ஃபர்த். பிரிட்டிஷ் காதல் படங்களின் நிரந்தர நாயகன், பெயர்கூட இல்லாத ஒரு சிறு வேடத்தில், சட்டகத்தின் ஓரத்தில் நிற்கிறார்.